சத்தாரின் இரண்டு பரீட்சைகள்

சத்தாருக்கு மூளை கிடையாது என்று நான் ஐம்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதையே ஒரு முகாம் நடத்தி, மேசை நாற்காலி போட்டு, யாரோ ஒரு பெண் தாளில் எழுதி நீட்டியபோது எனக்கு வந்த கோபம் ஆம்பூர் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். என் நண்பனை முட்டாள் என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

நானும் அவனும் ஒரே தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவன் செலக்டர், பதப்படுத்தி வரும் தோலைப் புரட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பான். நான் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று குறிப்பேன். அவன் லேட்டாக வந்ததை நான் ஒருநாள் கண்டுகொள்ளாமல் விட்டேன், அன்றிலிருந்து தோஸ்த். இப்போது இரண்டு பேருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவன் மனைவி தவறிப்போய் நாலைந்து வருடம் ஆகிறது. கீழ்வீட்டில் தனியாக இருக்கிறான். மாடியில் தம்பி மகன் குடும்பம். மூன்று வேளையும் சோறு அங்கிருந்து இறங்கி வரும். ஒரே மகன் அஹமது பாஷா சென்னையில் தோல் ஏற்றுமதி ஆபீஸில் இருக்கிறான்.

முகாமுக்கு அவனை இழுத்துப் போனதே நான்தான். ஒரு முதியோர் நலச் சங்கம் பள்ளிக்கூட ஹாலில் நடத்தியது. பிரஷர், சுகர் எல்லாம் இலவசம். போய்ப் பார்த்துக்கொண்டு வா என்று என் மனைவி விஜயகுமாரி விரட்டினாள். தனியாகப் போக எனக்குப் போரடிக்கும். அதனால் சத்தாரும் வந்தான். கடைசி மேசையில் ‘ஞாபக சக்திப் பரிசோதனை’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அங்கே சௌமியா என்று ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். மாதனூர்ப் பக்கம். நல்ல பெண், அதை மறுக்க மாட்டேன். அவள் நல்ல பெண்ணாக இருந்ததுதான் வினையே.

"தாத்தா, இப்போ இன்னா மாசம்?"

சத்தார் பிப்ரவரி என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் உதவிக்கு வந்துவிட்டாள்.

"இங்கிலீஷ் மாசம்லாம் வேணாம் தாத்தா. கஷ்டப்படாதீங்க. நம்ம மாசம் சொல்லுங்க, போதும்."

"ஷாபான்," என்றான் சத்தார்.

"இன்னா?"

"ஷாபான். ரம்ஜானுக்கு முந்தின மாசம். நம்ம மாசம்தான கேட்ட?"

அவள் தாளைப் பார்த்தாள். தாளில் மாசி என்று இருந்தது. ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"சரி, தேதி சொல்லுங்க."

"இருபத்தேழு. இருபத்தாறுன்னும் சொல்றாங்க. மெட்ராஸ்ல ஒரு நாள் பிறை பாத்தாங்க, பெங்களூர்ல ஒரு நாள் பாத்தாங்க."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க தாத்தா."

"நாளாண்ணிக்கி ராத்திரி வானத்தப் பாத்துட்டு வந்து சொல்றேன். கரெக்டா இருக்கும்."

இன்னொரு பெருக்கல் குறி. வருடம் கேட்டாள். ஹிஜ்ரிக் கணக்கில் ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழு என்றான். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு இரக்கம் வந்தது. தாத்தா அறுநூறு வருடம் பின்னாலேயே நின்றுவிட்டார் என்று நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தாள். சத்தாருக்கு அதில் எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சல் வந்தால் அவனுக்குத் தமிழ் பாதியாகக் குறைந்துவிடும்.

இது என்ன காலம் என்றாள். வெயில் காலம் என்றான். தாளில் பனிக்காலமாம். ஆம்பூரில் மொத்தமே இரண்டு காலம்தான்: வெயில் காலம், அய்யோ வெயில் காலம். எந்த மாவட்டம் என்றாள். வட ஆற்காடு என்றான். இதற்கும் பெருக்கல். நாங்கள் பிறந்த இடத்தைவிட்டு நகரவேயில்லை. மாவட்டம்தான் எங்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. நடுவில் வேலூர் வந்தது, இப்போது திருப்பத்தூர் என்கிறார்கள். போன மாதம் என்ன பண்டிகை என்றாள். மிஹ்ராஜ் என்றான். பொங்கலாம். எங்கள் வீட்டுப் பொங்கலில் பாதியைத் தின்றவன் அவன்தான், அது வேறு விஷயம்.

அடுத்து ஒரு அட்டையைக் காட்டி, இதில் உள்ளதைப் படித்து அப்படியே செய்யச் சொன்னாள். ‘கண்களை மூடவும்’ என்று அதில் இருந்தது. சத்தாருக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டு அளவுக்குத்தான் தெரியும். ஆம்பூர், வேலூர், குடியாத்தம் என்றால் படித்துவிடுவான். கண்களை மூடவும் என்ற ஊருக்கு அவன் போனதில்லை. எழுத்துக்கூட்டிப் பார்ப்பதற்காகக் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்தான். அவள் காத்திருந்தாள். அவன் இன்னும் அகலமாகத் திறந்தான்.

ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றாள். வலது பக்கம் ஆரம்பித்து உருதுவில் அழகாக எழுதினான். அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "டீ கெடைக்குமான்னு எழுதியிருக்கேன்," என்றான்.

நடுவில் மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்: தேங்காய், கோலம், சைக்கிள். கடைசியில் கேட்டபோது "சைக்கிள்" என்றான். இன்னொன்று என்றாள். யோசித்து, "சைக்கிள்," என்றான். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"இன்னாம்மா கேள்வி இது? அவன் வீட்டு வாசல்ல எப்பம்மா கோலம் போட்டாங்க, ஞாபகம் வச்சிக்கறதுக்கு?"

முப்பதுக்குப் பதினொன்று. ‘மறதி அதிகம், மேல்சிகிச்சை தேவை’ என்று எழுதி, வீட்டில் யாருடைய நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். சத்தார் மகனுடைய நம்பரை ஒரு எண் தப்பாமல் சொன்னான். அதற்கு மார்க் கிடையாதாம்.

சாயங்காலமே அஹமது பாஷா போன் செய்துவிட்டான். மேலே பேச்சில்லை, பெருநாள் முடிந்ததும் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். ஒன்பதாவது மாடியில் பிளாட். லிப்ட் இருக்கிறது, ஏசி இருக்கிறது, பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வைத்துவிடலாம்.

"ஒம்பதாவது மாடிக்கு பாங்கு சத்தம் வருமா?" என்று சத்தார் என்னைக் கேட்டான். நான் என்னத்தைக் கண்டேன்? "அந்தம்மாவுக்கு உருது வருமா? அங்க யார்கூட நான் சண்ட போடறது?"

அவன் பேஜாரில் இருந்தான். நான் அதைவிடப் பேஜாரில் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அவன் போய்விட்டால் நான் யாரை மூளையில்லாதவன் என்று திட்டுவது? விஜயகுமாரியைத் திட்டிவிட்டு அந்த வீட்டில் சாப்பிட முடியாது. மற்ற தோஸ்துகள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இவன் ஒருத்தன்தான்.

மறுநாளே சங்கத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். செயலாளர் ஜெயசீலன் பொறுமைசாலி. நான் கத்தி முடிக்கும் வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். "நீங்க சொல்றது நியாயம்தான் சார். வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில டாக்டர் ரயீசான்னு ஒருத்தங்க இருக்காங்க. வாணியம்பாடிக்காரங்க. உருதுலயே கேப்பாங்க, இந்த மாதிரி கோலம், பொங்கல்லாம் இருக்காது," என்றார். அவரே பேசி நாளும் வாங்கிக் கொடுத்தார். மார்ச் ஐந்து, வியாழக்கிழமை. அந்த டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன் என்று அஹமது பாஷாவும் ஒப்புக்கொண்டான்.

இதோடு நான் கம்மென்று இருந்திருக்கலாம். நியாயமான பரீட்சைதான் கிடைத்துவிட்டதே. ஆனால் நான் கோதண்டபாணி. என் பிள்ளைகளைப் பத்தாவது தேற வைத்தவன். பரீட்சை என்று ஒன்று வந்தால் படிக்காமல் போவது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை.

தினமும் காலையில் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். நோன்பு ஆரம்பித்துவிட்டதால் டீ கிடையாது. அவன் முன்னால் நான் மட்டும் குடிப்பது சரியில்லை என்று நானும் காய்ந்த வாயோடு பாடம் நடத்தினேன்.

"நம்ம மாசம் இன்னா?"

"ரம்ஜான்."

"டேய், அத சொல்லித்தாண்டா கோட்ட வுட்ட. மாசி! சொல்லு."

"மாசி."

"போன பண்டிகை?"

"பொங்கல்."

"தேதி?"

"இன்னிக்கா?"

"இன்னிக்கி தேதி எதுக்கு? பரீட்ச அன்னிக்கித்தான கேப்பாங்க. மார்ச் அஞ்சு, வியாழக்கிழம. அதயே மனப்பாடம் பண்ணு."

கூடுதல் மார்க்குக்கு ஆகட்டும் என்று சிவராத்திரியையும் சொல்லிக் கொடுத்தேன். மாவட்டம் திருப்பத்தூர் என்பது அவன் வாயில் நுழைய நாலு நாள் ஆயிற்று. உருதுவில் கேட்கப்போகிற டாக்டரிடம் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. சரியான விடை என்று ஒரு தாளில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். எந்த மொழியில் கேட்டாலும் விடை மாறாது என்று நம்பினேன். கணக்குப் பாடம் மாதிரி.

விஜயகுமாரி ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்: "அவரு நெஜமாவே மறக்கறாருங்க. நீங்க பாக்கலியா?"

"உனக்கு இன்னா தெரியும்?"

"போன வாரம் ஸ்கூட்டர்ல நம்ம வீட்டுக்கு வந்துட்டு, நடந்து போய்ட்டாரு. அப்புறம் ஸ்கூட்டர காணோம்னு தெருவெல்லாம் தேடுனாங்க."

"நான்கூடத்தான் கண்ணாடிய தலமேல வச்சிக்கினு தேடறேன்."

"நீங்க கண்ணாடிய தேடறீங்க. அவரு தனக்குக் கண்ணாடி உண்டுன்றதயே தேடறாரு," என்றாள்.

ரசம் உப்பு ஜாஸ்தி என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் லீவாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். நான் உடனே தேதியை மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன். சத்தாரின் தலையில் மார்ச் ஐந்து சிமெண்டு போட்டுப் பூசியது போல் உட்கார்ந்துவிட்டது. எத்தனை சொல்லியும் பெயரவில்லை. பரவாயில்லை, தேதி ஒன்று போனால் ஒரு மார்க்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கடைசித் திருப்புதல் நடத்தினேன். "எந்த மாவட்டம்?" என்று நான் கேட்க, "திருப்பத்தூர்!" என்று அவன் சத்தமாகச் சொல்ல, கண்டக்டர் ஓடிவந்து, "பெரியவரே, இது வேலூர் வண்டி. திருப்பத்தூருக்கு எதிர்ப்பக்கம் நிக்கணும்," என்றான். அவனுக்குப் புரிய வைப்பதற்குள் மாதனூர் தாண்டிவிட்டது.

அஹமது பாஷா காட்பாடியில் ரயில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். மூன்று பேரும் உள்ளே போனோம். டாக்டர் ரயீசாவுக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், மேசைமேல் பாதி தின்ற கேரட்டோடு ஒரு டப்பா, அது நர்சுடையதாம். "அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா," என்று அவர் சொன்னதும் சத்தார் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எல்லாம் உருதுதான். எனக்கு உருது நன்றாகவே புரியும். நான் பேசினால்தான் மற்றவர்களுக்குப் புரியாது.

"சாச்சா, இது நம்மளோட என்ன மாசம்?"

சத்தார் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். நான் லேசாகத் தலையசைத்தேன்.

"மாசி," என்றான், தமிழில்.

டாக்டரின் பேனா நின்றது. "என்ன?"

"மாசி மாசம். சிவராத்திரி முடிஞ்சிடுச்சி."

அஹமது பாஷா தன் தகப்பனை முதல் முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"தேதி?"

"மார்ச் அஞ்சு. வியாழக்கிழம."

"கடைசியா வந்த பண்டிகை?"

"பொங்கல்."

"நாம இப்ப இருக்கற இடம் எந்த மாவட்டம்?"

"திருப்பத்தூர்," என்றான் சத்தார், கம்பீரமாக. ஜன்னலுக்கு வெளியே வேலூர்க் கோட்டைக்குப் போகிற பஸ் ஒன்று போர்டு மாட்டிக்கொண்டு போயிற்று. நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "சாச்சா, நீங்க இன்னிக்கு நோன்பா?"

"ஹௌ. நோன்புதான்."

"நோன்பு எந்த மாசத்துல வைப்போம்?"

"ரம்ஜான்ல."

"அப்ப இது என்ன மாசம்?"

சத்தார் இந்த முறை வெளிப்படையாகவே என் பக்கம் திரும்பினான். "கோதண்டம், இப்ப எத சொல்லணும்?"

டாக்டர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"கொஞ்சம் ரிவிஷன்," என்றேன்.

அந்தம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அஹமது பாஷா முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நானும் சிரிக்கத்தான் செய்தேன். ஆக மொத்தம் இந்தப் பரீட்சையும் செல்லாது, எல்லாம் என் தப்பு என்று ஆகிவிட்டால் சத்தார் தப்பித்துவிடுவான் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

டாக்டர் விடவில்லை. மூன்று வார்த்தை சொன்னார். சாவி, குர்ஸி, அங்கூர். சாவி, நாற்காலி, திராட்சை. நாக்கை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், காதில் ஏதோ வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, அந்த மூன்று வார்த்தை என்ன சாச்சா என்று கேட்டார்.

சத்தாரின் தாய்மொழி. சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பழகிய மூன்று பொருள். இதில் கோலம் இல்லை, பொங்கல் இல்லை, நான் குறுக்கே பாய்வதற்கு இடமே இல்லை. "சாவி," என்றான். வேறு எதுவும் வரவில்லை. பரீட்சை தப்பு என்று நான் ஊரெல்லாம் கத்தியது சரிதான். ஆனால் பரீட்சை தப்பு என்பதால் இவன் நன்றாக இருக்கிறான் என்று ஆகிவிடாது. அது எனக்கு அந்த அறையில்தான் உறைத்தது.

டாக்டர் தாளை எடுத்து மேசைக்குள் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சாச்சா, பரீட்ச முடிஞ்சிடுச்சி. இனிமே மார்க் கிடையாது. உங்களுக்கு என்ன கஷ்டம், நீங்க சொல்லுங்க."

அதுவரை அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. சௌமியா கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, தினமும் போய் உட்கார்ந்த நானும் கேட்கவில்லை.

சத்தார் பேச ஆரம்பித்தான். அவன் இத்தனை மெல்லிய குரலில் பேசி நான் கேட்டதில்லை. தமிழ் அவனுக்குச் சண்டை போட, பேரம் பேச, என்னைத் திட்ட. அழுவதற்கு வேறொரு மொழி வைத்திருந்தான்.

தொழும்போது எத்தனை முறை குனிந்து எழுந்தோம் என்பது விட்டுப்போகிறது, இரண்டா மூன்றா என்று தெரியவில்லை, அதனால் வீட்டில் தனியாகத் தொழுவதையே விட்டுவிட்டேன் என்றான். பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்கிறானாம். மாடியில் இருக்கும் பேத்தியின் பெயர் வருவதில்லை, அதனால் கண்ணு கண்ணு என்று கூப்பிடுகிறானாம். அந்தக் குழந்தை தன்மேல் தாத்தாவுக்குப் பாசம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறதாம். ஒருநாள் மதியம் பள்ளிவாசலிலிருந்து வரும்போது தெருமுனையில் நின்றுவிட்டானாம், எந்தப் பக்கம் வீடு என்று தெரியவில்லை. யாரையும் கேட்க வெட்கம். வெயிலிலேயே நின்றிருந்தானாம். சைக்கிளில் நான் வந்தேனாம். உனக்காகத்தான் நிற்கிறேன் என்று சொல்லி என்கூடவே வீட்டுக்கு வந்துவிட்டானாம்.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்காக ஒருத்தன் வெயிலில் நிற்கிறானே என்று பெருமையாக விஜயகுமாரியிடம் சொல்லியிருந்தேன்.

"இவ்ளோ இருக்கு, யார்கிட்டயும் சொல்லலியேப்பா," என்றான் அஹமது பாஷா.

சத்தார் என்னைக் கைகாட்டினான். "இவன் தெனம் வந்து பாடம் நடத்துனான். எனக்கு மறக்குதுன்னு எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரிய வேணாம்னுதான் உக்காந்து படிச்சேன். பாவம், ரொம்பப் பயந்துட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "யார்றா பயந்தான்?" என்று கத்தினேன். டாக்டர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். நோன்பாளி முன்னால் எப்படிக் குடிப்பது? கையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆரம்ப நிலைதான். முகாமில் எழுதியது போலக் கடுமை ஒன்றும் இல்லை, அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், தலையை ஒரு ஸ்கேன். மாத்திரை ராத்திரி ஒன்று, நோன்பு திறந்த பிறகு போட்டால் போதும். முழுசாக நிற்காது, ஆனால் வேகமாக ஓடாமல் பிடித்து வைக்கலாம். ஸ்கூட்டர் சாவியை மட்டும் கொடுத்துவிட வேண்டும்.

"சென்னைக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன் டாக்டர்," என்றான் அஹமது பாஷா.

"பகல்ல வீட்ல யாரு?"

"நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போய்டுவோம். ஒரு அம்மாவ ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

"அவங்க உருது பேசுவாங்களா?"

"தமிழ்தான் டாக்டர்," என்றான்.

"தெருமுனையில நின்னுட்டாரு, தெரிஞ்சவங்க வந்தாங்க, வீடு சேந்துட்டாரு. உங்க ஏரியால நின்னா யார் வருவாங்க?" என்றார் டாக்டர். "அவருக்கு இப்ப பாதி ஞாபகம் தலைக்குள்ள இருக்கு. மீதி அந்தத் தெருவுல இருக்கு, அந்தப் பள்ளிவாசல்ல இருக்கு. இடத்த மாத்துனா அதுவும் போய்டும். மாத்திரைய வேளைக்குக் குடுக்கவும் வெளிய போனா கூடப் போகவும் ஒரு ஆள் வேணும். அங்க அப்படி யாராவது இருக்காங்களா?"

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்கிய மாதிரி. பிறகு வெட்கமாகப் போய் இறக்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

"டாக்டரம்மா, அவனுக்கா?" என்றான் சத்தார். "எழுபத்தாறுல நான் லேட்டா வந்தத இன்னும் சொல்லிக் காட்டறான்."

அஹமது பாஷா என் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "சரி அங்கிள். ஆம்பூர்லயே இருக்கட்டும். மாசம் ரெண்டு வாட்டி நான் வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். ஏதாவது ஒண்ணு ஆனா என்கிட்ட மறைக்கக் கூடாது. ரிவிஷன்லாம் வேணாம்."

ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி, எங்களை ஆம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவன் காட்பாடிக்கு ரயிலைப் பிடிக்கப் போனான். சத்தாரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். நோன்பு, அலைச்சல், ரத்தம் எடுத்தது எல்லாம் சேர்ந்து அவன் முகம் சுருங்கியிருந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினான்.

"கோதண்டம், இன்னா சொன்னாங்க? நான் சென்னைக்குப் போகணுமா?"

ஒரு விஷயத்தை இரண்டாவது முறை சொல்வது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். "இல்லடா. ஆம்பூர்லயே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றேன்.

"நெஜமாவா!" அவன் முகம் மலர்ந்தது. என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தான். "பாஷா ஒத்துக்கினானா?"

"ஒத்துக்கினான்."

மாதனூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் கும்பலாக ஏறினார்கள். அந்தச் சத்தத்தில் அவன் மறுபடி என் காதருகே குனிந்தான். முகத்தில் அதே கலக்கம்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? சென்னைக்குத்தானா?"

"சென்னையும் கிடையாது, ஒம்பதாவது மாடியும் கிடையாது. ஆம்பூர்தான் உனக்கு," என்றேன். முதல் தடவை சொல்வது போலவே சொன்னேன்.

அவனுக்கும் அது முதல் தடவைதான். அதே மலர்ச்சி, அதே இடத்தில் அதே அடி. இந்த முறை எனக்கு வலித்தது. நல்ல சேதி ஒன்றை ஒரே நாளில் இத்தனை தடவை புதிதாக வாங்கிக்கொள்ள யாருக்குக் கொடுத்து வைக்கும்?

ஊர் நெருங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவன் என் பக்கம் திரும்பினான். நான் முந்திக்கொண்டேன்.

"நீ எங்கயும் போகலடா. இங்கதான் இருக்கப் போற. என்கூட."

"எனக்குத் தெரியுமே," என்றான் சத்தார். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் இன்னொரு வாட்டி சொல்லு," என்றான்.